கால்கட்டு யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் பெண் பார்க்கப் போனேன். எனக்கில்லை... கொரட்டூரில் எங்கள் பக்கத்து ஃபிளாட் சரோஜா அக்காவின் மகன் கார்த்திக்கு. வயது முப்பத்தொன்று, ஐ.டி. வேலை. ஆனால் எந்தக் கம்பெனியிலும் நிலைப்பதில்லை. காரணம், குடி. அது எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும்.

பெண் பிரியா, லேப் டெக்னீஷியன். கேசரி கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பிக்கு ஏதாவது பழக்கம்..?"

"எப்பவாவது ஃபிரெண்ட்ஸோட... ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிடுவான்" என்றார் அக்கா.

அப்பா தலையாட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலி தாண்டும் மாட்டுக்குப் போடுவது கால்கட்டு. நம் வீடுகளில் கல்யாணத்துக்கும் அதேதான் பெயர்! குடிக்கிறானா? கால்கட்டு. ஊர் சுற்றுகிறானா? கால்கட்டு. எத்தனை காலமாக இந்த ஒரே வைத்தியம்?

பிரியா நிமிர்ந்தாள்.

"ஆன்ட்டி, இத்தனை வருஷமா நீங்க சொல்லியே கேக்காதவர், நான் சொல்லியா கேக்கப்போறார்? அவரைக் கட்டிப்போடற கயிறா நான்?"

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்று அவள் அம்மா அதட்டினார்.

அப்பாவோ மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்து கைகூப்பினார். "மன்னிச்சுக்கங்க. இது சரிவராது."

கார்த்தி முகம் சிவந்துபோயிருந்தது. "அவங்க கேட்டது நியாயம்தாம்மா. வா, போலாம்" என்றான்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். பாடி மேம்பாலம் வருவதற்குள் அக்கா தரகருக்கு போன் போட்டுவிட்டார்.

"வாய் ஜாஸ்திங்க அந்தப் பொண்ணுக்கு. கொஞ்சம் அடக்கமானதா பாருங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, பொண்ணு அப்புறம் பார்க்கலாம். முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றேன்.

பின் சீட்டில் கார்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. லிஃப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கார்த்தி பேசினான் — நேற்று, டாக்டர் நம்பர் கேட்டு.