இரவல் வாங்கிய வீடு

பர்மாச் சண்டையில் இரண்டு கண்ணையும் இழந்து வந்த என் அண்ணனுக்கு எங்கள் திம்புள்ளத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் மரியாதை கொடுத்தார்கள். வேலை மட்டும் கொடுக்கவில்லை. விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது அவனைக் கூப்பிட யாரும் இல்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். தங்கை சம்பளத்தில் சாப்பிடுகிறோமே என்பது அவனுக்குத் தொண்டையில் சிக்கிய முள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் பிரம்பு பின்னக் கற்றிருந்தான். பிரம்பும் கருவியும் கேட்டு, ஊனமுற்ற படைவீரர்களுக்கென்று கொழும்பில் இருந்த சங்கத்துக்கு எழுதிப்போட்டோம். வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள்.

ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் லயம் அமளிப்பட்டது. ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த அறைகளில் எந்த வாசலுக்கு வெளியாள் வந்தாலும், பெண் பார்க்க வந்தாலும் சரி, துக்கம் கேட்க வந்தாலும் சரி, எல்லா வீட்டுச் சாமானும் அங்கே வந்து சேர்ந்துவிடும். அண்ணன் பீலியில் விழும் தண்ணீரில் குளிக்கப் போன நேரத்தில் கங்காணி வீட்டுச் சாய்வு நாற்காலி, மேசை, பூப்போட்ட விரிப்பு, நின்றுபோன சுவர்க் கடிகாரம் எல்லாம் வந்து இறங்கின. அவனிடம் சொன்னால் வேண்டாம் என்பான். அதனால் யாரும் மூச்சுவிடவில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை. வெறும் சாக்கில் உட்காரவைத்து அண்ணனைக் காட்டிப் பிழைக்க நான் என்ன குரங்காட்டியா?

வந்தவர் பழைய இராணுவ அதிகாரி. வலது சட்டைக்கை வெறுமனே தொங்கியது. மலைநாட்டில் வளர்ந்தவராம்; எங்கள் தமிழையே பேசினார். குளித்துவிட்டு அப்போதுதான் வாசலுக்கு வந்த அண்ணன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது.

"வசதியாத்தான் இருக்கீங்க. சங்கத்துல இருக்கறது கொஞ்சம். கஷ்டப்படுறவங்களுக்குத்தான் மொதல்ல குடுக்கணும்" என்றார்.

உண்மையைச் சொன்னால் வாசலில் நிற்கிற லயத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் அவமானம். சொல்லாவிட்டால் அண்ணன் கை சும்மாவே கிடக்க வேண்டியதுதான்.

அண்ணன் முகத்தில் எதையும் காட்டவில்லை. "பரவால்லைங்க சார். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அடுப்படிப் பக்கம் திரும்பினான். வீட்டுக்குள் அவன் தடவித் தடவி நடப்பதே இல்லை. என்னைவிட வேகமாகப் போவான். அந்த வேகத்திலேயே மேசையில் மோதி விழுந்தான். தூக்கப்போன என் கையைத் தட்டிவிட்டான். மேசைக் காலைத் தடவினான். விரிப்பைத் தடவினான். கையை நீட்டி நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான்.

"தங்கச்சி, நாம யாரு வீட்டுல இருக்கோம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நம்ம வீடுதாண்ணே. சாமான்தான் எல்லாரோடதும்."

அதிகாரி எழுந்துவிட்டார். கங்காணியின் மனைவி நேராக உள்ளே வந்து நாற்காலியைத் தூக்கினார். "எங்க வீட்டு நாற்காலிங்க சார். நீங்க வர்றீங்கன்னு குடுத்தோம்" என்று அதிகாரியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் சாமானை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு சாக்கும் சுருட்டிய பாயும்தான் மிஞ்சின.

அண்ணன் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதிகாரி தொப்பியைத் தரையில் வைத்துவிட்டுக் கோப்பையை வாங்கினார். சாக்கில் உட்கார்ந்து பாதியைக் குடித்த பிறகுதான் பேசினார்.

"அடுத்த கிழமை பிரம்பு வந்துரும். எங்க வச்சுப் பின்னுவீங்க?"

"இங்கதாங்க சார்" என்றான் அண்ணன். "இப்பத்தான் எடம் இருக்கே."