மேகலாவின் பௌர்ணமி வேன்

என் மனைவி மேகலா இறந்த செய்தி எனக்கு ஆலையின் தொலைபேசியில்தான் வந்தது. வேலூர் மருத்துவமனையில் அவருக்குத் துணையாக அவருடைய அண்ணனை விட்டுவிட்டு, மாற்றுத்துணி எடுக்கத் திருவண்ணாமலைக்கு வந்திருந்தேன். கம்ப்ரஸர் நின்றுவிட்டது என்று மேலாளர் ஆள் அனுப்பி என்னைப் பிடித்துக்கொண்டார். மேகலா வேலை பார்த்த தையல் ஆலையிலேயே நானும் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். கிரீஸ் கையோடு ரிசீவரை வாங்கினேன்.

"மாப்ள, மேகலா போயிட்டா மாப்ள."

ரிசீவரை மேசைமேலேயே போட்டுவிட்டேன் போலிருக்கிறது. "ஃபோன சரியா வைங்க, பையர் கூப்பிடுவாங்க" என்றார் மேலாளர். அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பையர் என்பது எங்கள் சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள். அந்த வார்த்தையை நான் மறக்கப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களும் மறக்க வேண்டாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கம் சாலையில் இருக்கும் அந்தத் தையல் ஆலையில் மேகலா சூப்பர்வைசர். தைக்கும் பெண்களில் பெரும்பாலோர் ஊருக்கு மறுபக்கம், கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருபவர்கள். ஆலையில் மேலாளர் கடைசிவரை அவரை 'அந்தம்மா' என்றே சொன்னார். அதனால் மனைவியே ஆனாலும் இங்கே 'அவர்' என்றுதான் எழுதுவேன்.

கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் நிர்வாகம் படித்தார். மனிதன் எதற்காக வேலை செய்கிறான் என்ற பாடம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, பசி, பாதுகாப்பு, நாலு பேரோட சேந்து இருக்கறது, மரியாதைன்னு மனுசனோட தேவை படிப்படியா ஏறுதாம். நீங்க எந்தப் படில இருக்கீங்க?"

"சோத்துப் படில. கொழம்பு ஆயிடுச்சா?"

"எழுந்து போயி அடுப்ப நீங்க பாருங்க. அப்பதான் மரியாதப் படி."

மேலாளரும் சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய் அதே பாடத்தைக் கற்று வந்தார். ஆலைச் சுவரில் பெரிய படிக்கட்டு ஒன்றை வரையச் சொன்னார். உச்சிப் படியில் சிறந்த ஊழியரின் புகைப்படம். பௌர்ணமி தோறும் பாதிக்கு மேல் மெஷின்கள் சும்மா கிடந்ததுதான் அவருடைய தலைவலி. அன்றைக்குத் தவறாமல் வருகிறவர்களுக்கு மேடை, கைத்தட்டல், ஒரு பிரஷர் குக்கர் என்று அறிவித்தார். அடுத்த பௌர்ணமிக்குக் குக்கர் வந்தது, பெண்கள் வரவில்லை. கிரைண்டர் வைக்கலாமா என்று யோசித்தார்.

மேகலா மறுநாள் டெய்லர் சாந்தியிடம் போய்க் கேட்டார்.

"குக்கர வெச்சிக்கினு இன்னா மேடம் பண்றது? கிரிவலக் கூட்டத்துக்கு பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திடறான். சாயங்காலம் அந்தக் கூட்டத்துல பூந்து எப்ப ஊடு போயி சேர்றது? எங்கப்பா காலையிலயே வாசல்ல நின்னுக்கினு எங்க போறன்றாரு."

மேகலா நேராக மேலாளர் அறைக்குப் போனார். நான் அங்கே மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், மெஷின் ஓடலனா எங்க வீட்டுக்காரர் மொதல்ல கரன்ட் வருதான்னு பாப்பாரு. மெஷினுக்குப் பொட்டு வெக்க மாட்டாரு. பரிசு பெருசா சின்னதான்னு அப்புறம் பாத்துக்கலாம். அதுகிட்ட போயி சேர வழி இருக்குன்னு அவங்க நம்பணும்ல?"

நான் ஏணிமேல் சிரித்துவிட்டேன். மேலாளர் சிரிக்கவில்லை.

வழியை மேகலாவே உண்டாக்கினார். பௌர்ணமியன்று மட்டும் விடியற்காலையில் ஷிஃப்ட். கூட்டம் சேருமுன் மதியமே முடிந்துவிடும். கூட்டிவரவும் கொண்டுவிடவும், வாடகைக்கு வண்டி ஓட்டும் ஏழுமலையின் வேன். பௌர்ணமிக்கு இந்த ஊரில் வேன் கிடைப்பது லேசு இல்லை. கிரிவலம் வருகிறவர்கள் கேட்ட வாடகை கொடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு அமாவாசை முடிந்ததும் மேகலா ஏழுமலையைப் பார்த்து உறுதி செய்துவிட்டு, வீடு வீடாகப் போய் அப்பாக்களிடம் பேசிவிட்டு வருவார். பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஒரு மெஷின்கூடச் சும்மா இல்லை.

மேலாளர் இதைச் சென்னையில் ஒரு கூட்டத்தில் பேசிச் சால்வை வாங்கினார். "என் ஆளுங்க மனச நான் படிச்சேன்" என்றாராம். எனக்குக் கொதித்தது. மேகலா, "போவட்டும்ங்க. வேன் ஓடுதில்ல?" என்றார்.

பிறகு மேகலாவுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. பையர்கள் ஆலையைப் பார்க்க வரவிருந்த நேரம். லீவ் கேட்டவரிடம் மேலாளர், "உனக்கென்னம்மா, வீட்டுக்காரரும் சம்பாதிக்கிறாரு. பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா? அவங்க போற வரைக்கும் இரு" என்று சொல்லியிருக்கிறார். போகாதே என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

"வேன் செலவக் கம்மி பண்றேன்னு சொல்லிக்கினே இருக்காருங்க. பையருங்க காதுல வேனப் பத்திப் போட்டுட்டா அப்புறம் நிறுத்த முடியாது. இன்னிக்கு ஒரு நாள்."

உடம்பு கொதிக்கக் கொதிக்க நின்று, வேனைப் பற்றி அவர்களுக்கு விளக்கினார். மறுநாள் காலை என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "கொஞ்சம் முன்னாடியே கூட்டினு வந்திருக்கணும்" என்றார் வேலூர் டாக்டர். அன்று அவரை நிற்க வைத்தது எது? மேலாளரின் சுவரைக் கேட்டால் உச்சிப் படி என்று சொல்லும். நான் 'லீவ் இல்லை' என்று சொல்வேன்.

காரியம் முடிந்ததும் மேலாளர் வீட்டுக்கு வந்தார். "மேகலா நினைவு விருதுன்னு வெக்கறோம். லீவே போடாதவங்களுக்கு. வர்ற பௌர்ணமிக்கு அதே பையருங்க ஆர்டர் முடிவு பண்ண வராங்க, அவங்க கையால குடுக்கறோம். நீங்களும் மேடைல இருக்கணும்."

லீவே போடாதவர்களுக்கு! பாய்லரில் எந்த வால்வைத் திருகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே பெண்கள் இருப்பார்கள் என்பதும் தெரியும். தலையை மட்டும் ஆட்டினேன்.

அமாவாசை போயிற்று. வேன் தானாக வருகிறது என்று மேலாளர் நினைத்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் ஏழுமலை என்னிடம் வந்தார்.

"சார், ரமணாசிரமம் பக்கம் தங்கியிருக்கற ஆளுங்க பௌர்ணமிக்கு வண்டி கேக்கறாங்க. மேடம் இல்ல... நம்ம ஆலைக்கு உண்டா?"

"யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல சார்."

"அப்ப குடுத்துடுங்க."

சாந்தியிடம் மட்டும் வேன் வராது என்று சொன்னேன். "ஒரு நாள் சம்பளந்தான சார், போவட்டும். லீவ் குடுக்காம சாவடிச்சிட்டு, லீவ் போடாதவங்களுக்கு அவங்க பேர்ல பரிசா? காறித் துப்பணும் சார்" என்றார். மற்றவர்களுக்கு அவரே சொல்லிவிட்டார்.

பௌர்ணமி வந்தது. பந்தல், மேடை, மேகலாவின் படம், படத்துக்கு முன்னால் குக்கர். எதிரே காலி நாற்காலிகள். உள்ளே ஒரு மெஷின் ஓடவில்லை.

"வேன் எங்கய்யா?" என்று மேலாளர் என்மீது பாய்ந்தார்.

"யாரு சார் சொல்லணும்?"

"எப்பவும் வருமே!"

"எப்பவும் மேகலா வரவெச்சாங்க. நீங்கதான மனச படிச்சவரு? உங்க சுவத்துல வேன் எந்தப் படில இருக்குன்னு பாருங்க சார்."

பையர்களில் ஓர் அம்மாள் தங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். போன முறை காய்ச்சலோடு பேசிய பெண் எங்கே என்று அந்த அம்மாள் கேட்பதாக அவர் என்னிடம் சொன்னார். நான் மேடையிலிருந்த படத்தைக் காட்டினேன்.

"லீவ் கெடைக்காம செத்துட்டாங்க."

மொழிபெயர்ப்பாளர் மேலாளரைப் பார்த்துத் தயங்கினார். "அப்படியே சொல்லுங்க" என்றேன். சொன்னார். மேலாளர் முகம் போன போக்கை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். மேகலா போன பிறகு ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

பையர்கள் கேட்டதால் இப்போது ஏழுமலையின் வேன் ஆலையின் நிரந்தர ஏற்பாடு. விருது போயிற்று. விருதுக்காகச் சுவரின் உச்சிப் படியில் எழுதியிருந்த மேகலாவின் பெயரை நானே சுரண்டினேன். மேலாளர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். என்னைக் கண்டால் தலை குனிகிறார். எனக்கு அது போதவில்லை.

போன வாரம் அந்தக் குக்கரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பிரிக்காமல் எடுத்துப்போய், அவர் மேசையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சரியா வெச்சிருக்கேன் சார். பையர் கூப்பிடுவாங்க."

மேகலா, 'போவட்டும்ங்க' என்றுதான் நீ சொல்வாய். நான் விடமாட்டேன். வேன் ஓடுகிறது. நீ போய் வா.