வீட்டுக்கு ஒரு வருத்தக்காரர்

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். நானே சொல்லித் திரிந்தேன். கலியாண வீட்டில் கேசரித் தட்டு நீண்டால், கையை உயர்த்தி "எனக்குச் சீனி, பாருங்கோ" என்று சொல்வதில் ஒரு மிடுக்கு இருந்தது. கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் மிஞ்சியிருந்த பதவி அது ஒன்றுதான்.

அந்தப் பதவிக்குரிய வேலைகளையெல்லாம் என் மனைவி செய்தாள். காலையில் குரக்கன் பிட்டு, பின்னேரம் சீனி போடாத தேத்தண்ணி. மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எனக்காக வரிசையில் நிற்பதும், தாதிமாருடன் சிங்களத்தில் கதைப்பதும் அவள்தான். வீட்டுக்கு வந்ததும் குளிசைகளை நாள்வாரியாகப் பிரித்துச் சின்னப் பெட்டியில் போட்டு வைப்பாள். காலையில் பிரஷர் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை, சீனிக் குளிசை எல்லாம் சேர்ந்து என் உள்ளங்கைக்கு வரும். எண்ணிப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வேன்.

கிளினிக்கின் முதல் நாளில் டொக்டர் கேட்டது நினைவிருக்கிறது. இளம் பெண், தமிழ்ப் பிள்ளை. "வீட்டில வேற ஆருக்கும் சீனி இருக்கோ ஐயா?"

"இல்லை டொக்டர். எனக்கு மட்டும்தான்."

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கொஞ்சக் காலம் என் சீனி கட்டுப்பாட்டில் இருந்தது. பிறகு திடீரென்று ஏறியது. டொக்டர் காலைச் சீனிக் குளிசையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார். எனக்கு வந்த கோபத்தில் மருந்தைத் திட்டினேன், கிளினிக்கைத் திட்டினேன், சோற்றை அள்ளிப் போடுகிறாள் என்று மனைவியையும் விட்டுவைக்கவில்லை. அவள் குளிசைப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் சீனி ஒழுங்காக இறங்கியது. என்னுடைய கட்டுப்பாடுதான் காரணம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அந்த வருடம் மனைவி நன்றாக மெலிந்தாள். "கலியாணத்துக்கு முந்தி இருந்த மாதிரி வந்திட்டீர்" என்று பகிடி விட்டேன். எந்நேரமும் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக இருந்தாள். "இந்த மூண்டாம் மாடியிலை ஒரு கிணறு வெட்டோணும் போல" என்றேன். அவள் சிரித்தாள். காலில் ஏதோ துணி சுற்றியிருந்தாள், செருப்புக் கடி என்றாள். அதை நம்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் என் கவனமே போகவில்லை.

போன மாசியில் பாமன்கடையில் இருக்கும் அவளுடைய தங்கைக்குக் கண்ணில் ஒப்பரேஷன். நாலு நாள் உதவிக்குப் போக வேண்டியிருந்தது. படியிறங்கும்போதும் திரும்பி நின்று சொன்னாள்: "பெட்டியிலை நாலு நாளைக்கும் வைச்சிருக்கிறன். அதை மட்டும் போடுங்கோ. மேசை லாச்சியிலை இருக்கிறதைத் தொடாதேங்கோ."

அடுத்த நாள் காலையில் நானே பெட்டியைத் திறந்தேன். சீனிக் குளிசை ஒன்றுதான் இருந்தது. கிளினிக் கொப்பியில் இரண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கந்தோரில் முப்பது வருடம் மற்றவர்களின் பிழையைச் சிவப்புப் பேனையால் சுழித்தவன் நான், விடுவேனா? அவசரத்தில் குறைய வைத்துவிட்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டு, லாச்சியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டேன். அதற்கடுத்த நாளும் அப்படியே.

அந்த இரண்டாம் நாள் வங்கியில் அலுவல் இழுபட்டு மத்தியானச் சாப்பாடு தவறிவிட்டது. காலி வீதியில் நடந்து வரும்போது உடம்பு குப்பென்று வியர்த்தது. கடைப் பலகைகளில் இருந்த எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று போயின. "மாத்தயாட்ட அமாருய்!" என்று, ஐயாவுக்கு ஏலாமல் கிடக்கு என்று, ஒரு பழக்கடைக்காரர் சிங்களத்தில் கத்தியது கேட்டது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில், கையில் ஊசி, கால்மாட்டில் பாமன்கடையிலிருந்து ஓடிவந்த மனைவி. கிளினிக் டொக்டரும் வந்திருந்தார்.

"சீனி நல்லா இறங்கிப் போச்சு ஐயா. காலமை எத்தினை குளிசை போட்டனீங்கள்?"

"நீங்கள் எழுதின மாதிரி ரெண்டு."

"மத்தியானம் சாப்பிடாதது பிழைதான். எண்டாலும் மாசக்கணக்கா இதே அளவுதானே போடுறீங்கள்? இப்ப மட்டும் ஏன் இப்பிடி?"

நான் தலையணையில் சற்று நிமிர்ந்தேன். "பெட்டியிலை இவ ஒண்டுதான் வைச்சிருந்தவ, டொக்டர். நல்ல காலம், நான் கவனிச்சிட்டன்."

டொக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "அம்மா, எப்பவும் ஒண்டுதான் குடுக்கிறனீங்களோ?"

"ஓம்."

"மற்றது?"

மனைவி நிலத்தைப் பார்த்தாள். "நான் போடுறனான்."

பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கென்று வாங்கிய சீனி பார்க்கும் மெஷினில், எப்படிக் குத்துவது என்று பழக ஒருநாள் தன் விரலில் குத்திப் பார்த்தாளாம். என்னுடையதை விடக் கூடவாம். அன்றிலிருந்து என் குளிசையை உடைத்துப் பாதி எனக்கு, பாதி தனக்கு. அதனால்தான் என் சீனி ஏறியிருக்கிறது. டொக்டர் இரண்டாக்கியதும் எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஒரு கொப்பியில் இரண்டு பேருக்கு வைத்தியம் நடந்திருக்கிறது, அதில் ஒருத்தியை ஒருவரும் பார்க்கவேயில்லை.

டொக்டர் அங்கேயே அவள் விரலில் குத்திப் பார்த்தார். இலக்கத்தைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. பிறகு அவர் கண் கீழே போனது.

"அந்தத் துணியை அவிழுங்கோ அம்மா."

காலின் சின்ன விரல் கறுத்துப் போயிருந்தது. "ஐயோ" என்று நான் கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடும் மனுசியின் காலை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்றேன். அப்போதும் குரலில் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"சொல்லி? ஒரு வீட்டிலை ரெண்டு பேரும் வருத்தக்காரர் எண்டு இருந்தால் ஆர் பாக்கிறது? நீங்கள் முதலே வந்திட்டியள்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்த ஒரு சீட்டில் நான் முந்தி இருந்துவிட்டேன், அவள் நின்று வந்தாள், அவ்வளவுதான் என்பது போலச் சொன்னாள்.

வருத்தம் யாருடைய உடம்புக்கும் வரும். வருத்தக்காரர் என்ற பட்டத்தை வீடுதான் கொடுக்கிறது. எங்கள் வீட்டில் அதை நான் வைத்துக்கொண்டு இறங்க மறுத்தேன்.

விரலை எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். என் அளவை டொக்டர் திரும்பவும் ஒன்றாக்கினார்.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பேரும் போனோம். அன்று வரிசையில் நின்றது நான். என் சிங்களத்துக்குத் தாதி சிரித்தார். டொக்டர் மனைவிக்கென்று புதுக் கொப்பி திறந்து, பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

"வீட்டில வேற ஆருக்கும் சீனி இருக்கோ அம்மா?"

மனைவி கட்டுப் போட்ட காலை மெல்லக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். "ஓம் டொக்டர், இவருக்கு. இவருக்குத்தான் கடுமை. முதல் இவரைப் பாருங்கோ."

நான் மேசையிலிருந்த என் கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேசையில் அவளுடையது மட்டும் இருந்தது.