எலும்பக்காவின் வேண்டுதல்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் எலும்பக்கா. எலும்பின் அடர்த்தியைப் படம் பிடிக்கிற அறைக்கு அவள்தான் ராணி, அவள்தான் வேலைக்காரி. வயது இருபத்தொன்பது. ஊரார் இடுப்பெலும்பையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தவளுக்குத் தன் மனசில் கிடந்த ஒரே ஓர் ஆசையை வெளியே சொல்லத் தெரியவில்லை. அப்படியொரு வாயில்லாப் பூச்சி!

ஆசை, லிஃப்ட் மெக்கானிக் மேல். மாதம் ஒருமுறை வருவான். லிஃப்டை நிறுத்திவிட்டு, அவள் அறை வாசலில் நின்று கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடி வம்புக்கு இழுப்பான். அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவாது. அந்தப் பேச்சையே அடுத்த மாதம்வரை அசைபோடுவாள். இந்த மாதத்தோடு லிஃப்ட் பராமரிப்பு வேறு கம்பெனிக்குப் போகிறது, இனி அவன் வரமாட்டான் என்று கேள்விப்பட்டாள்.

அப்போதுதான் பெரிய டாக்டர் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். ரத்தத்தில் கொழுப்பு ஏறிய இளவட்டங்களுக்கு எலும்பும் இளைத்திருக்கிறதா என்று பார்ப்பது. "ரெண்டும் கூடவே வர்ற மாதிரி இருக்கு. எது எதைக் கெடுக்குதுன்னுதான் இன்னும் பிடிபடல" என்பார். எலும்பு சரியாக இருந்தால் அன்றோடு வேலை முடிந்தது. குறைந்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் வரவேண்டும். இவள் மெக்கானிக்கைப் பிடித்து அதில் சேர்த்துவிட்டாள். சேர்த்ததோடு விட்டாளா? அவன் எலும்பு கொஞ்சமே கொஞ்சம் குறைவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தாள். அடிப்பாவி!

அவன் வந்த அன்று காலையில் ரத்தம் எடுத்தார்கள். கொழுப்பு எகிறியிருந்தது. மதியம் அவனை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைப் பஞ்சுப் பெட்டிமேல் தூக்கி வைத்தாள்.

"அசையாதீங்க."

"பேசலாமா?"

"கூடாது."

"உங்க ரூமுக்கு வந்து பேசாம கெடக்கணுமா? நல்ல கதையா இருக்கே!"

திரையில் கோடு கோடாக அவன் முதுகெலும்பு இறங்கியது. கடைசியில் எண் வந்தது. கொஞ்சமில்லை, அந்த வயசுக்கு இருக்கவேண்டியதைவிட ரொம்பவே குறைவு. லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்கிப் பிழைக்கிறவனுக்கு இந்த எலும்பா? கேட்டது கிடைத்துவிட்டது, அவளுக்கோ நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. இவன் இனி வரவே வேண்டாம், நல்ல எலும்போடு எங்கேயாவது நன்றாக இருக்கட்டும் என்று மனசு கிடந்து துடித்தது.

அவன் எழுந்து பெல்ட்டை மாட்டினான். "என்னங்க, தேறுவேனா?"

"டாக்டர்தான் சொல்லுவாரு. நான் சொல்லக் கூடாது."

"தேறக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுதான் படுத்தேன்." அவளைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தேறிட்டா, இங்க வர எனக்கு வேற சாக்கு ஏது?"

அவள் கண் நிறைந்துவிட்டது.

"சாக்கு எதுக்கு?" என்றாள். "நாளைக்கு வாங்க. சும்மா வாங்க."

அவன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.