சாங்கியில் வராத தும்மல்

என் தங்கை நடிக்கிறாள் என்று நான் முடிவு கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த முடிவால் அவளுக்கு ஒன்பது வருஷம் போனது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைக்கு மேல் ஓர் அறையில் அம்மா, நான், தங்கை மூன்று பேரும் இருந்தோம். அப்பா இல்லை. நான் லாரி ஓட்டினேன். வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். தங்கைக்குப் பதினெட்டு வயது. காலையில் கண் விழித்ததும் தும்ம ஆரம்பிப்பாள். பத்து, பதினைந்து என்று நிற்காமல் வரும். மூக்கில் தண்ணீராக ஊற்றும். கண் சிவந்து அரிக்கும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருந்தது. காய்ச்சல் கிடையாது. சளி கெட்டியாகவும் ஆகாது. எந்தச் சளி வருஷக்கணக்கில் இப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

பக்கத்து அறைக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். "உன் தங்கச்சி தும்முனாத்தான் எனக்கு விடியுது லா. கடிகாரம் வாங்குற காசு மிச்சம்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

அம்மாவின் வைத்தியம் சாம்பிராணி. தலைக்கு ஊற்றியதும் புகை போட்டு, அதன் மேல் அவள் தலையைக் கவிழ்த்துப் பிடிப்பார். அவள் திமிறுவாள். திமிறினால் நான் அதட்டுவேன். புகை பட்ட அன்றெல்லாம் அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது. மறு வாரம் புகையைக் கூட்டினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டு லாரியில் உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு சாங்கி கடற்கரைக்குப் போனேன். காலையிலிருந்து இருட்டும்வரை தங்கை ஒரு முறைகூடத் தும்மவில்லை. ஓடினாள், பாடினாள், முழங்கால்வரை தண்ணீரில் நின்று எல்லோர் மீதும் வாரி அடித்தாள். மறுநாள் காலையில் அம்மா துடைப்பத்தைக் கையில் கொடுத்தார். இரண்டு தடவை பெருக்கியிருப்பாள், தும்மல் தொடங்கிவிட்டது.

"நேத்து எங்கடி போச்சு இந்தத் தும்மல்?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே."

"எனக்குத் தெரியும். ஊர் சுத்தணும்னா மூக்கு நல்லாருக்கும். வீட்டு வேலைன்னா ஒழுகும்."

அவள் தும்மிக்கொண்டே பெருக்கி முடித்தாள்.

கொஞ்ச நாளில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். கீழே மசாலா அரைக்கும் மில், மேலே வீடு. மிளகாயும் மல்லியும் மஞ்சளும் காலையிலிருந்து ஓடும். பேசி முடிக்க அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். அரை மணி நேரம் அவள் முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, "புதுசுல அப்படித்தாம்மா. பழகிடும்" என்றார்.

வீடு திரும்பியதும் தங்கை என் எதிரே வந்து நின்றாள். அப்படி அவள் நின்றதே இல்லை.

"அண்ணே, அவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அந்த வீட்டுல என்னால மூச்சு விட முடியல. அந்த வீடு மட்டும் வேணாம்."

"சாங்கியில மட்டும் மூச்சு விட முடிஞ்சுதா? கடலுக்குள்ள மாப்பிள்ளை தேடவா?"

அவள் மனதில் வேறு யாரோ இருக்கிறான் என்று நினைத்தேன். யாரும் இல்லை. கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போதும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்திகள் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எல்லாம் எழுத முடியாது. படுத்தால் மூக்கு அடைத்துவிடும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். காசநோய் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சில் ஒன்றும் இல்லை. அப்படியும் மாமியார் அவளுக்குத் தனி டம்ளர் வைத்தார். மாப்பிள்ளை மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தந்தார். அது தும்மலை நிறுத்தியது. பகலிலேயே தூக்கத்திலும் தள்ளியது. சோம்பேறி என்ற பெயரும் சேர்ந்தது.

ஒன்பதாம் வருஷம், தீபாவளிக்கு முந்தைய வாரம், மில் ஓயாமல் ஓடியபோது அவளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளையால் மில்லை விட்டு நகர முடியவில்லை. நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மூக்கின் மேல் விழுந்திருந்த அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு அவளிடம், "எங்க போனா உங்களுக்குத் தும்மல் வாறதில்லை?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

நான்தான் சொன்னேன். "சாங்கியில ஒரு நாள் முழுக்க வரல டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடி. மறுநாள் வீடு கூட்டுனதும் வந்துருச்சு."

"பார்த்தீங்களே, அதுதான் இந்த நோய்! தூசி, புகை, மசாலாப் பொடி இவளின்ர மூக்குக்கு ஒத்துவராது. அலர்ஜி எண்டு சொல்லுறது. இதைக் கேட்டா ஆக்கள் முழிப்பினம். நீங்கள் அப்பவே கவனிச்சிருக்கிறீங்கள். கெட்டிக்காரர்."

என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

அவர் சொன்னவை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கிப்போட வேண்டும். விரிப்புகளைச் சுடுதண்ணீரில் அலச வேண்டும். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாம்பிராணி கூடவே கூடாது. உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். மாத்திரை இரவில் மட்டும். இதெல்லாம் செய்தாலும் மில்லுக்கு மேலே இருக்கும்வரை தீராது என்றார்.

அன்றே போய் அவள் மாமியாரிடம் சத்தம் போட்டேன். தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் நிறுத்தவில்லை. "சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு இருக்குற வியாதி இது! இந்தத் தூசியில போட்டுக் கொல்றீங்களா?" என்று கத்தினேன்.

அந்த அம்மா நிதானமாகக் கேட்டார். "வியாதின்னு தெரிஞ்சேதான் கட்டிக் கொடுத்தீங்களா தம்பி?"

தெரிந்து மறைத்தேன் என்றாலும் குற்றம், அவளை நம்பவில்லை என்றாலும் குற்றம். அவளுக்காகப் பேசப் போய் அவளை ஏமாற்றுக்காரி ஆக்கிவிட்டு வந்தேன். ஒரு மாதம் அந்த வீட்டில் அவளிடம் யாரும் பேசவில்லை, கணவரைத் தவிர. அவர் யாருக்கும் சொல்லாமல் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு எழுதிப் போட்டார். நான் கத்தியும் நடக்காதது, அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதில் நடந்தது.

புக்கிட் மேராவில் ஐந்தாவது மாடியில் வீடு கிடைத்தது. குடிபோன மூன்றாம் மாதம் பார்க்கப் போனேன். படுத்துத் தூங்குவதாகச் சொன்னாள். காலையில் இரண்டு மூன்று தும்மல், அதோடு சரி. முகம் தெளிந்திருந்தது. அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

வழியெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "நான் அன்னைக்கு உன்ன நம்பியிருக்கணும்."

"நம்பக்கூட வேணாம்ணே. ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல, ஏன் தும்முறன்னு? டாக்டர் ஒரு நிமிஷத்துல கேட்டாரு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கருகும் வாடை எனக்கு வந்தது, அவள் எழுந்து போகவில்லை. இத்தனை வருஷம் அடைத்துக் கிடந்ததில் அவளுக்கு வாசனை போய்விட்டிருந்தது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"குழம்பு அடிபிடிக்குது" என்றேன்.

அவள் எழுந்து ஓடினாள்.