சூடு தெரியாத கை

நான் மடையன்; சான்றிதழ்தான் வாங்கவில்லை. இன்று டீ டம்ளர் விரலைச் சுட, ஐம்பது வயதில் "யம்மா" என்று அலறினேன்.

என் சின்ன வயதில் நைனா, என் அப்பா, கொதிக்கும் குண்டானை வெறுங்கையால் இறக்குவார். எண்ணூர் கம்பெனியில் நீராவி பட்டு வெந்த உள்ளங்கைத் தோல், தடித்த தழும்பாக ஆறியிருந்தது. கம்பெனி தந்தது ஒரு டப்பா களிம்பு.

"எங்க நைனாவுக்கு சூடே தெரியாது மாமு!" என்று கொருக்குப்பேட்டைப் பையன்களையெல்லாம் கூட்டிவந்து வேடிக்கை காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினார்.

என்னைக் கொஞ்சும்போது மட்டும் கன்னத்தைப் புறங்கையால் தடவுவார். எலும்பு குத்துகிறதென்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அலறல் கேட்டு வந்த அம்மாவிடம் கேட்டேன்: "நைனா ஏம்மா என்னைப் புறங்கையாலயே தடவுனாரு?"

"உள்ளங்கையில தொட்டா நீ இருக்கறதே தெரியாதுடா அவுருக்கு."