தல்சூ கேட்காத சர்க்கரை

மா தல்சூ எங்கள் ஊருக்கு மேலே, மலைச்சரிவில், அகாசியா மரங்களுக்கு நடுவே நாற்பது தேன்பெட்டிகளோடு தனியாக இருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். தூரத்துப் பூசான் நகரத்தில் கட்டிக்கொடுத்த மகள் அறுவடைப் பண்டிகைக்கு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை நூடுல்ஸ் பாக்கெட் வாங்க என் கடைக்கு வருவார். அரை மணி நேரம் நின்று தேனீக்களைப் பற்றியே பேசுவார். வேறு யாரிடமும் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

மே மாதம் அகாசியா தேன், அடுத்து கஷ்கொட்டை மரத்துப் பூவின் தேன். அதோடு சரி. ஜூன் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் தேனீ வெளியே போகாது, போனாலும் பூவில் ஒன்றும் இருக்காது. சர்க்கரைப் பாகு வைத்தால்தான் பிழைக்கும். விற்கிற தேனுக்கும் அந்தப் பாகுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சர்க்கரை மூட்டையோடு ஒருவன் கண்ணில் பட்டுவிட்டால் போதும், சர்க்கரைத் தேன் விற்கிறவன் என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அப்புறம் யார் வாங்குவார்கள்?

இதெல்லாம் தெரிந்த நான்தான், போன வருஷம் அவர் மூன்று மூட்டை கேட்டபோது, கடையில் அரிசிக் கள் குடித்துக்கொண்டிருந்தவர்கள் காதுபடச் சொன்னேன்.

"என்னண்ணே, இந்த வருஷம் பூவெல்லாம் மூட்டைலயா பூத்திருக்கு?"

"அப்ப பாட்டில்ல பூப்படம் எதுக்கு? மூட்டைப் படத்த ஒட்டச் சொல்லு," என்றார் ஒருவர்.

கடை அதிரச் சிரித்தார்கள். தல்சூவும் சிரித்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அதற்குப் பிறகு நூடுல்ஸை எடுப்பார், காசை வைப்பார், போய்விடுவார். சர்க்கரையை முப்பது கிலோமீட்டர் தள்ளி டவுனில் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் ரோஷம் வந்தது.

இந்த வருஷ மழையில் மூன்றாம் நாளே பாலம் போய்விட்டது. டவுனுக்கு வழியில்லை. நான்காம் நாள் சொட்டச் சொட்ட வந்தார். கஷ்கொட்டைத் தேனையும் வழித்தெடுத்திருந்தார், பெட்டிகளில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். பச்சைப் பிளம் காயைச் சர்க்கரையில் ஊறப் போடுகிறவர்களுக்காக இறக்கியதில் எட்டு மூட்டை சர்க்கரை மிச்சம், முன்னாலேயே அடுக்கியிருந்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்து கேட்கட்டுமே என்று நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நூடுல்ஸ் மட்டும் வாங்கிப் போனார்.

பன்னிரண்டாம் நாள் வெயில் அடித்தது. தள்ளுவண்டியோடு வந்தார்.

"தங்கச்சி, சர்க்கரை வேணும். இருக்கறதெல்லாம் குடு."

குரலே சரியில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

முப்பத்தொரு பெட்டி செத்துக் கிடந்தது. கடைசிச் சொட்டைத் தேடிக் அடையின் காலி அறைகளுக்குள் தலையை விட்டபடியே தேனீக்கள் செத்திருந்தன. அடை முழுக்கப் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அவர் வாளியில் பாகு கரைத்தார். பகல் வெளிச்சத்தில் வைத்தால் வாசனைக்கு ஒரு பெட்டித் தேனீ இன்னொரு பெட்டியைக் கொள்ளையடிக்கும். பொழுது சாயக் காத்திருந்தோம்.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே அண்ணே. கண்ணு முன்னாடிதான இருந்துச்சு."

"கேக்கத்தான் வந்தேன்," என்றார். "கடைல ஆளு இருந்தாங்க. வாய் வரல."

மிச்சமிருந்த ஒன்பது பெட்டிக்கும் பாகு வைக்க எழுந்து போய்விட்டார். அந்தக் கொட்டுகிற மழையில், அன்றைக்குக் கடையில் இருந்தது நான் ஒருத்திதான்.